ஒரே சக்கரம், இரண்டு பேரிங்

செங்கல்பட்டைத் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தை நெருங்கும்போதுதான் அந்தச் சத்தத்தை முதலில் கவனித்தேன். அடுத்த தெருவில் மாவு மில் ஓடுவது போல ஒரு "ஊம்ம்ம்". 50-ல் இல்லை. 60-ல் மெல்ல எழுந்தது, 80-ல் பாட்டையும் மீறிக் கேட்டது. 2024 மார்ச் கடைசி. திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். அம்மா, மனைவி, குழந்தைகள் எல்லோரும் வண்டியில். வேகத்தைக் குறைத்து, இடப்பக்க லேனை விடாமல் ஓட்டிப் போய்ச் சேர்ந்தேன்.

வண்டி 2012 மாடல், சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக். அப்போது 92,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. முந்தைய டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. வண்டிக்குப் பாதிச் சக்கரம் வரை. உள்ளே கால்மிதி நனையவில்லை, இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை, ஸ்டார்ட் போட்டதும் பிடித்துக்கொண்டது. தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். பாதிச் சக்கரம் என்றால், சக்கரத்தைப் பூட்டும் நடுப்பாகமான ஹப்பும் தண்ணீருக்குள் இருந்திருக்கிறது என்பது அப்போது மனதில் படவில்லை.

சக்கர பேரிங் என்பது உள் வளையம், வெளி வளையம், இரண்டுக்கும் நடுவில் எஃகுக் குண்டுகள்; சக்கரத்தை உரசாமல் சுற்றவைப்பது அதுதான். அதன் இரண்டு பக்கமும் ரப்பர் சீல் இருக்கும். மழையில் ஓடும்போது தெறிக்கிற தண்ணீரை அது தடுக்கும். நாள்கணக்கில் மூழ்கிக் கிடப்பதற்கு அது செய்யப்பட்டதில்லை. அதோடு ஓடிச் சூடான பேரிங் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீலின் விளிம்பு வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். அன்று மாலை அலுவலகத்திலிருந்து முழங்கால் தண்ணீரில் ஓட்டி வந்து நிறுத்தியவன் நான். உள்ளே போன தண்ணீர் கிரீஸோடு கலந்து, நின்ற இடத்திலேயே குண்டுகள் தொடும் புள்ளிகளில் துரு பிடிக்க ஆரம்பிக்கும். சத்தம் வர இரண்டு மாதமோ நான்கு மாதமோ ஆகலாம்.

ஊர் திரும்பும் வழியில் மதுராந்தகம் ஏரியை ஒட்டிச் சாலை காலியாக இருந்தபோது சில சோதனைகள் செய்து பார்த்தேன். கிளட்ச்சை மிதித்தேன், இன்ஜின் சத்தம் இறங்கியது, "ஊம்" இறங்கவில்லை. ஆக இன்ஜின் இல்லை. புதுத் தார் போட்ட இடத்திலும் பழைய சொரசொரப்பான இடத்திலும் சத்தத்தின் குரல் மாறவில்லை. டயர் சத்தமாக இருந்தால் தரை மாறினால் குரலும் மாறும். பிறகு வண்டியை மெதுவாக வலப்பக்கம் வளைத்தேன்; சத்தம் கூடியது. இடப்பக்கம் வளைத்தால் அடங்கியது. வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடப்பக்கச் சக்கரங்களின் மேல் சாயும். எனவே இடப்பக்கம். முன்னா பின்னா என்பது மட்டும் ஓட்டுகிற இருக்கையிலிருந்து தெரியவே தெரியாது. வண்டியின் தகரம் முழுக்க அந்த அதிர்வைக் கடத்தி எங்கெங்கோ கேட்கவைக்கும். மனைவி பின்னால் இருந்து வருகிறது என்றாள், எனக்கு என் காலடியில் கேட்டது. வீட்டுக்கு வந்து டயர்களை முன்பின் மாற்றிப் போட்டும் சத்தம் அப்படியே இருந்ததால் டயர் சந்தேகமும் தீர்ந்தது.

ஏப்ரலில் பக்கத்திலுள்ள ஒரு பட்டறையில் விட்டேன். அவர்கள் தூக்கிப் பார்த்து இடப்பக்க முன் பேரிங் என்றார்கள். சரியான கண்டுபிடிப்புதான். நானும் கூடவே நின்றேன். பேரிங்கும் ஹப்பும் உட்கார்ந்திருக்கும் நக்கிள் என்ற இரும்புப் பாகத்தைக் கழற்றிச் சிமெண்ட் தரையில் வைத்து, ஹப்பைப் பெரிய சுத்தியலால் அடித்து வெளியே எடுத்தார்கள். புதுப் பேரிங்கையும் பைப் துண்டு வைத்து அடித்துத்தான் உள்ளே இறக்கினார்கள். கடைசியில் ஹப்பை மேலே வைத்து நான்கு அடி. "செட் ஆயிடுச்சு சார்" என்றார் அந்தப் பையன். எனக்கும் அது தப்பு என்று அப்போது தெரியாது. பழைய பேரிங்கைக் கேட்டு வாங்கிச் செய்தித்தாளில் சுற்றி டிக்கியில் போட்டுக்கொண்டேன். அந்தப் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. மாற்றிய பாகத்தை வாங்காமல் அவர் பட்டறையை விட்டு நகரமாட்டார்.

சத்தம் போய்விட்டது. ஜூலை கடைசியில், சரியாக 3,100 கிலோமீட்டர் கழித்து, அதே சக்கரத்தில் அதே "ஊம்ம்ம்" திரும்பி வந்தது. கூடவே வேகத்தடை ஏறி இறங்கும்போது இடப்பக்கம் "டொக் டொக்" என்று ஒரு தட்டல். பேரிங் கம்பெனி சரியில்லை என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பேரிங்குக்கு 3,100 கிலோமீட்டர் ஆயுளா? இந்த முறை நானே கழற்றுவது என்று முடிவு செய்தேன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கும் அக்கா மகன் ஒரு சனிக்கிழமை வந்தான்.

கழற்றும் முன் தூக்கிப் பார்த்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு விரலைக்கூட வண்டிக்கு அடியில் நீட்டக் கூடாது. வண்டியைத் தாங்கும் ஜாக் ஸ்டாண்டு இரண்டு வைத்து, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டியை ஒருமுறை உலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வேலை. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லேசான ஆட்டம் கைக்குத் தெரிந்தது. இந்த ஆட்டம் பேரிங்கிலும் வரலாம், நக்கிளைக் கீழே பிடிக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட்டிலும் வரலாம். பிரித்தறிய ஒரு வழி உண்டு. அவனை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்தச் சொன்னேன். பிரேக் பிடித்ததும் டிஸ்க்கும் அதைக் கவ்வும் காலிப்பரும் வழியாக ஹப் நக்கிளோடு இறுகிவிடும். அப்போது ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். நின்றது. சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டியதில் தனியாக ஆட்டம் கூடவில்லை. அது கூடியிருந்தால், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு பக்கம் பார்த்திருப்போம்.

"மாமா, இங்க கை வெச்சுப் பாருங்க" என்றான். ஸ்பிரிங்கின் மேல் உள்ளங்கையை வைத்துச் சக்கரத்தைச் சுற்றவிட்டால், உளுந்து அரைக்கும்போது கிரைண்டரின் குழவியில் ஒரு கல் மாட்டிய மாதிரி ஒரு நறநறப்பு விரல் வரை ஏறியது. வலப்பக்கம் அதே இடத்தில் கை வைத்தால் அவ்வளவு இல்லை. ஸ்டெதாஸ்கோப் தேவையில்லை; ஸ்பிரிங் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

கழற்றும் வரிசையில் ஒன்று முக்கியம். ஹப்பை ஆக்சிலோடு பிடிக்கும் ஆக்சில் நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே, பிரேக் மிதித்தபடி தளர்த்திக்கொள்ள வேண்டும். என் வண்டிக்கு 32 எம்.எம். சாக்கெட். நட்டின் விளிம்பு ஆக்சிலின் பள்ளத்துக்குள் அடித்து மடக்கப்பட்டிருக்கும். அதை உளியால் நிமிர்த்தாமல் திருகினால் மரை போய்விடும். இரண்டடிப் பைப்பைக் கைப்பிடியில் சொருகி அவனும் நானும் சேர்ந்து அழுத்தியதில் "டக்" என்று விட்டது. பிறகு சக்கரம், காலிப்பர், டிஸ்க். காலிப்பரைக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட்டோம். பிரேக் ஹோஸ் அதன் எடையைத் தாங்கக் கூடாது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்.ஸின் சென்சாரைப் போல்ட் எடுத்து, இழுக்காமல் திருகித் திருகி வெளியே எடுத்து ஓரமாகக் கட்டினோம். டை ராடு எண்டு கூம்பு வடிவில் இறுகியிருக்கும். அதன் மரையில் அடிக்காமல், அது உட்கார்ந்திருக்கும் நக்கிள் கண்ணின் பக்கவாட்டில் இரண்டு அடி அடித்தால் தானே விழும். ஷாக் அப்சார்பரை நக்கிளோடு பிடிக்கும் இரண்டு போல்ட்டுகளைச் சுற்றி வெள்ளைப் பெயின்ட்டால் கோடு போட்டோம், திரும்ப மாட்டும்போது கேம்பர், அதாவது சக்கரம் மேல்கீழாகச் சாயும் அளவு, அதிகம் விலகாமல் இருக்க. பால் ஜாயிண்ட்டின் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது. ஜாயிண்ட்டின் கழுத்தில் உள்ள பள்ளத்தின் வழியாக அந்தப் போல்ட் போகிறது, முழுதாக வெளியே வந்தால்தான் நக்கிள் விடும். இதற்கு அரை மணி நேரம் போனது.

நக்கிளைத் துணியில் சுற்றிக் கீழ்க்கட்டளையில் இருக்கும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அந்த அண்ணனுக்கு அறுபது வயதிருக்கும். அவரிடம் கையால் பம்ப் அடிக்கிற 20 டன் ஹைட்ராலிக் பிரஸ் இருக்கிறது. நடந்ததைச் சொன்னதும் அவர் கேட்டது ஒரே கேள்வி. "ஹப்ப இறக்கும்போது உள் வளையத்துக்கு அடியில தாங்கு குடுத்தாங்களா தம்பி?"

கொடுக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

பிரஸ்ஸில் ஹப் வெளியே வந்தபோது பேரிங்கின் உள் வளையத்தில் பாதி ஹப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. இந்த வகைப் பேரிங்கில் பெரும்பாலும் அப்படித்தான் வரும். அதைக் கிரைண்டரில் ஓரளவு ஆழம் வரை வெட்டி, உளி வைத்து ஒரே அடி. வளையம் வெடித்துத் தனியே விழுந்தது. ஹப்பின் தண்டில் கிரைண்டர் படக் கூடாது என்பதில் அவர் எடுத்துக்கொண்ட கவனம் பார்க்க வேண்டியது. வட்ட கிளிப்பை எடுத்து, வெளி வளையத்தையும் அழுத்தித் தள்ளினார்.

வீட்டிலிருந்து நான் எடுத்துப்போயிருந்த முதல் பேரிங்கையும் பிரிக்கச் சொன்னேன். இரண்டையும் மண்ணெண்ணெயில் கழுவிச் செய்தித்தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.

முதலாவதில் கிரீஸ் மோர் நிறத்தில் திரிந்து போயிருந்தது. குண்டுகள் ஓடும் பாதை பழுப்பேறி, அம்மைத் தழும்பு போலக் கொத்துக் கொத்தாகக் குழிகள், ஒழுங்கில்லாமல். சில இடங்களில் மேல் தோல் உரிந்து செதில் போயிருந்தது. அது வெள்ளத்தின் வேலை.

இரண்டாவதில் கிரீஸ் இன்னும் புதிதாகத்தான் இருந்தது. துரு ஒரு புள்ளி கிடையாது. அண்ணன் வளையத்தை ஜன்னல் பக்கம் தூக்கி வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்தார். கண்ணாடி போன்ற அந்தப் பாதையில், மாவில் நகத்தால் அழுத்தியது போலச் சின்னச் சின்னப் பிறைகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே இடைவெளி, வட்டம் முழுவதும். என் சுண்டுவிரல் நகத்தை வைத்து ஓட்டினால் ஒவ்வொரு பிறையிலும் நகம் மெல்ல இடறியது. இடைவெளியை ஒரு காகிதத்தில் குறித்து, கூண்டில் இருந்த குண்டுகளின் இடைவெளியோடு வைத்துப் பார்த்தான் மருமகன். அச்சு அசலாகப் பொருந்தியது.

குண்டு வளையத்தைத் தொடுவது ஊசிமுனை அளவு இடத்தில். ஓடும்போது பாரம் மாறி மாறிப் பல குண்டுகளுக்குப் போகும், பாதை தாங்கும். ஹப்பைச் சுத்தியலால் அடித்து இறக்கும்போது கீழே உள் வளையத்துக்குத் தாங்கு இல்லாவிட்டால், அந்த அடி உள் வளையத்திலிருந்து குண்டுகள் வழியாக வெளி வளையத்துக்குப் போய், அங்கிருந்து நக்கிளுக்குப் போகிறது. ஒவ்வொரு குண்டும் தன் இடத்தில் ஒரு குழியைப் பதித்துவிடுகிறது. உலோகத்தின் கடினத்தை ஒரு குண்டை அழுத்திக் குழியை அளந்து சொல்லும் முறையை 1900-ல் வெளியிட்டவர் ஸ்வீடன் பொறியாளர் பிரினெல். பேரிங்கில் விழும் இந்தக் காயத்துக்கும் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். எங்கள் வண்டியின் பேரிங் ஒரு கிலோமீட்டர் ஓடும் முன்பே பிரினெல் சோதனைக்கு உள்ளாகிவிட்டது. முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குக் காதுக்குத் தெரியவில்லை; பிறகு ஒவ்வொரு குழியின் விளிம்பும் உதிர ஆரம்பித்துச் சத்தம் கூடியிருக்கிறது.

இதைத்தான் எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். எந்த வளையம் இறுக்கமாக உட்காருகிறதோ அந்த வளையத்தைப் பிடித்துத்தான் தள்ள வேண்டும். பேரிங் நக்கிளுக்குள் போகும்போது வெளி வளையத்தை. ஹப் பேரிங்குக்குள் போகும்போது உள் வளையத்துக்கு அடியில் தாங்கு. எந்தக் கட்டத்திலும் விசை குண்டுகள் வழியாகப் போகவே கூடாது. நல்ல கம்பெனிப் பேரிங், ஹாலோகிராம் ஒட்டிய பெட்டி எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

புதுப் பேரிங்கை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கி, காற்றுப் புகாத கவரில் கட்டி முதல் நாள் இரவே ஃப்ரீசரில் வைத்திருந்தேன். அதன் வெளிவிட்டம் ஏறக்குறைய 70 மில்லிமீட்டர். சென்னை வெயிலுக்கும் ஃப்ரீசருக்கும் 50 டிகிரி வித்தியாசம் என்றால் எஃகு அதில் 0.04 மில்லிமீட்டர் சுருங்கும். ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. ஆனால் இறுக்கமாக உட்காரும் பாகத்துக்கு அந்த அளவுதான் சண்டையே. ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப்போனதால் பட்டறையில் கவரைப் பிரிக்கும்போதும் குளிர் போகவில்லை.

நக்கிளின் துளையை நைஸ் எமரித் தாளால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்தோம், கீறல் இல்லை. பேரிங்கின் ஒரு பக்கச் சீலில் ஏ.பி.எஸ்.ஸுக்கான காந்த வளையம் இருக்கிறது. பார்க்க இரண்டு பக்கமும் ஒன்று போலத்தான் தெரியும். குண்டூசியைப் பக்கத்தில் கொண்டுபோனால் ஒரு பக்கம் மட்டும் மெல்ல இழுக்கும். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் மீட்டரில் ஏ.பி.எஸ். விளக்கு எரியும், மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கழற்றினால் பேரிங் வீண்.

பழைய பேரிங்கின் வெளி வளையத்தையே அண்ணன் லேத்தில் கொஞ்சம் கடைந்து விட்டம் குறைத்துத் தள்ளுகட்டையாக வைத்தார். பிரஸ்ஸின் கைப்பிடியை அவர் அழுத்தும்போது சத்தமே வரவில்லை. பேரிங் ஒரு முனகல்கூட இல்லாமல் நேராக இறங்கி அடியில் உட்கார்ந்தது. கிளிப் போட்டார். பிறகு உள் வளையத்துக்கு அளவான ஒரு பைப் துண்டைக் கீழே நிறுத்தி, நக்கிளை அதன்மேல் வைத்து, ஹப்பை மேலிருந்து அழுத்தினார். ஹப்பைக் கையால் சுற்றினேன். பாகுபோல், ஒரே சீராக, கனமாகச் சுற்றியது.

"அவசரம்தான் பேரிங்க கொல்லுது தம்பி, ரோடு இல்ல" என்றார். 400 ரூபாய் வாங்கினார். என் அப்பாவின் அப்பா கட்டை வண்டி வைத்திருந்தவர். வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த வண்டி மையை மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியிலேயே தொங்கவிட்டிருப்பாராம். அச்சு முனகும் முன்பே இறங்கி மை போடுவாராம். பட்டறையிலிருந்து வரும்போது அது நினைவுக்கு வந்தது.

அந்த "டொக் டொக்" மிச்சம் இருந்தது. நக்கிள் இல்லாமல் கீழ்ப்பக்கம் திறந்து கிடந்ததால் பார்ப்பது சுலபம். வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடைக் கையால் அசைத்தாலே "கடகட". அதன் ரப்பர் உறை கிழிந்து உள்ளே மணல். அதுதான் வேகத்தடைச் சத்தம். சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு பிடிக்கும் லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ்ஷையும், அதாவது அதன் மூட்டில் இருக்கும் ரப்பர் வளையத்தையும், டார்ச் அடித்துப் பார்த்தேன். ரப்பர் பாதி வட்டத்துக்குப் பிளந்திருந்தது. பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் லேசாக ஒரு பக்கம் இழுப்பதாக மனைவி சொல்லிக்கொண்டிருந்ததன் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இல்லை. கழற்றும் முன் மூலையை அழுத்தி விட்டுப் பார்த்தபோதும் ஒருமுறை எழுந்து நின்றுவிட்டது, அதைத் தொடவில்லை. ஷாக்கைப் பிரிக்க வேண்டியிருந்தால் ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி வேண்டும். அழுத்தப்பட்ட ஸ்பிரிங் விடுபட்டால் முகம் போய்விடும். வீட்டு வாசலில் அதைச் செய்யவே மாட்டேன்.

புஷ்ஷையும் அதே அண்ணனிடம் பிரஸ் அடித்து வாங்கினோம், பழையது உட்கார்ந்திருந்த திசையை ஆர்மில் கோடு போட்டுவிட்டு. மாட்டும்போது மறுபடி அதே பாடம் வேறு உருவில் வந்தது. புஷ்ஷின் ரப்பர், உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு ஒட்டியே செய்யப்பட்டது. போல்ட்டை இறுக்கினால் குழாய் அசையாது, ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்கும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது ஆர்ம் கீழே சாய்ந்திருக்கும். அந்த நிலையில் இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். நிறுத்தி வைத்திருக்கும்போதும் அதற்கு ஓய்வில்லை, சில மாதங்களில் பிளந்துவிடும். அதனால் ஆர்மின் போல்ட்டுகளைக் கையிறுக்கமாக மட்டும் விட்டுவைத்தோம்.

ஆக்சில் நட்டுக்கு இதற்கு நேரெதிர். பேரிங்கின் உள் வளையம் இரண்டு பாதிகள். அவற்றைச் சேர்த்துப் பிடிப்பதே அந்த நட்டின் இறுக்கம்தான். இறுக்கும் முன் வண்டியின் எடையைச் சக்கரத்தில் இறக்கி உருட்டினால் பேரிங் காயப்படும். எனவே வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதே, அவன் பிரேக்கை மிதிக்க, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 175 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினேன். ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் 18 கிலோ தொங்கவிட்டால் வருகிற முறுக்கு விசை அது. இது என் வண்டியின் கணக்கு. ஒவ்வொரு வண்டிக்கும் அதன் சர்வீஸ் கையேட்டில் இருக்கும் எண்தான் சரி. நட்டு புதிது. பழைய நட்டின் விளிம்பு ஒருமுறை மடங்கிவிட்டது, அதை மறுபடி நம்பக் கூடாது. விளிம்பைப் பள்ளத்தில் அடித்து மடக்கினோம்.

சக்கரம் மாட்டி, வண்டியை இறக்கி, பத்தடி முன்னும் பின்னும் உருட்டி, சஸ்பென்ஷன் தன் இயல்பான உயரத்துக்கு வந்த பிறகு, அடியில் தவழ்ந்து ஆர்மின் போல்ட்டுகளை முழுதாக இறுக்கினேன். மாலை ஐந்தாகிவிட்டது. திங்கட்கிழமை வீல் அலைன்மெண்ட் பார்த்தேன். பெயின்ட் கோட்டில் வைத்துப் பூட்டியும் டோ, அதாவது முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, கொஞ்சம் விலகியிருந்தது, சரிசெய்தார்கள்.

அடுத்த ஞாயிறு அதிகாலை நாங்கள் இருவர் மட்டும் ஜி.எஸ்.டி. ரோட்டில் போனோம். பரனூர் டோல் தாண்டியதும் கண்ணாடி ஏற்றி, ஏசி ஃபேனை நிறுத்தினேன். 60, 70, 80. பாலாற்றுப் பாலத்தின் இணைப்புகளில் டயர் "தப் தப்" என்று தட்டுவது மட்டும் கேட்டது. மதுராந்தகம் ஏரியோரம் வண்டியை மெல்ல வலப்பக்கம் வளைத்தேன். ஒன்றுமில்லை. இடப்பக்கம் வளைத்தபோது மருமகன் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"மாமா, இந்தப் பக்கம் லேசா ஒண்ணு இருக்கு."

இருந்தது. மிக மெல்லியதாக, வலப்பக்கத்தில். இதுவரை பெரிய சத்தத்துக்கு அடியில் மறைந்திருந்திருக்கிறது. அந்தச் சக்கரமும் அதே இரண்டு நாள் அதே தண்ணீரில்தான் நின்றது. திரும்பி வந்ததும் வலப்பக்க ஸ்பிரிங்கில் கை வைத்து நிதானமாகப் பார்த்தேன், நறநறப்பு ஆரம்பித்திருக்கிறது. இன்னொரு பேரிங் வாங்கிவிட்டேன், ஃப்ரீசரில் இருக்கிறது. லேத் அண்ணன் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.